வெயிலுக்கு முதுகு காட்டி

அப்பாவுக்கு எழுபத்து இரண்டு வயது. புதுச்சேரிக் கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் பிறந்தவர், இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு பீச் ரோட்டில் நடக்கிறவர்களில் அவரும் ஒருவர். சூரியன் கடலிலிருந்து கிளம்பி வருவதை ஆயிரக்கணக்கான முறை பார்த்திருப்பார். கடலில் இறங்குவதை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. கிழக்குக் கரைக்காரர்களுக்கு அது வாய்க்காது. எங்கள் ஆட்சிப் பகுதியின் ஒரு துண்டு, மாஹே, மேற்குக் கரையில் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம்தான். "அதுக்காக ஒருத்தன் மாஹே வரைக்கும் போவானா?" என்பார் அப்பா.

போன மே விடுமுறையில் அதைவிடப் பல மடங்கு தூரம் போனோம். இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிற ரீயூனியன் தீவுக்கு. அப்பாவின் அக்கா, என் அத்தை, நாற்பது வருடமாக அங்கே தாம்போன் என்ற ஊரில் இருக்கிறார். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட குடும்பத்தை 'சொல்தா வீடு' என்று சொல்வோம். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் பல வீட்டுப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போனார்கள். மாமாவும் அப்படிப் போனவர். ஓய்வு பெற்றதும் குளிர் தாங்கவில்லை என்று பிரான்ஸை விட்டு இந்தத் தீவுக்கு வந்து வீடு கட்டினார். ரீயூனியனும் பிரான்ஸின் ஒரு மாவட்டம்தான். 1946-லிருந்து அப்படி. மாமா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அத்தைக்கு முட்டி வலி, விமானத்தில் உட்கார முடியாது. தம்பிதான் அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

அம்மா வரவில்லை. வீட்டைப் பூட்டிப் போட அவருக்கு மனம் வராது.

கடலில் சூரியன் இறங்குவதை அப்பா போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே பார்த்துவிட்டார். தீவின் மேற்குக் கரையில், ஒரு சவுக்குத் தோப்பு ஓரத்தில் உட்கார்ந்து. "அழகாத்தான் இருக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு சாப்பிடும்போது அத்தைதான் ஆரம்பித்தார். "உங்க மாமா சாயங்காலத்துல எரிமலையைப் பாக்கணும், எரிமலையைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எல்லாரும் காலையில போவாங்க. நாங்களும் நூறு தடவை காலையிலதான் போயிருக்கோம். சாயங்காலம் குளிரும், ராத்திரி அந்த ரோட்டுல இறங்கணும்னு நான்தான் வேணாம்னேன்."

அத்தான், அதாவது அத்தை மகன், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவரைப் பார்த்து, "நாளன்னைக்கு உனக்கு லீவுதானே?" என்றார். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் எரிமலை வரைந்து வருகிறேன். கவிழ்த்து வைத்த புனல் போல ஒரு மலை, நடுவில் ஒரு குழாய், கீழே பாறைக்குழம்புத் தேக்கம், மேலே சிவப்புச் சாக்பீஸில் நெருப்பு. ஒரு எரிமலையையும் நேரில் பார்த்ததில்லை. பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள், "மிஸ், நீங்க பாத்திருக்கீங்களா?" என்று.

ரீயூனியனில் இரண்டு எரிமலைகள். ஒன்று தீவின் நடுவில் இருக்கிற பித்தோன் தே நேஜ். 3,070 மீட்டர், பல்லாயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கிறது. இன்னொன்று தென்கிழக்கில் இருக்கிற பித்தோன் த லா ஃபூர்னேஸ். உலகத்தில் அடிக்கடி வெடிக்கிற எரிமலைகளில் ஒன்று. 2,632 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. ஐந்தே மீட்டர்தான் வித்தியாசம். ஃபூர்னேஸ் என்றால் உலை. அப்பா அதற்கு முதல் நாளே 'அடுப்பு மலை' என்று பெயர் வைத்துவிட்டார், கடைசி வரை அப்படியேதான் சொன்னார். இதன் நல்ல குணம் என்னவென்றால், பெரும்பாலும் ஆளைக் கொல்கிற மாதிரி வெடித்துச் சிதறாது. பக்கவாட்டில் விரிசல் விட்டுக் குழம்பை வழியவிடும். குழம்பு இளகலாக ஓடுவதால் மலை உயரமாகக் குவியாமல் அகலமாகப் பரந்து கிடக்கிறது. பாடப்புத்தகத்தில் இதைக் கேடய எரிமலை என்று போட்டிருக்கும். ஒரு வரியில் கடந்து போய்விடுவோம்.

மதியம் ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். அத்தை காலையிலிருந்து அடுப்படியில்தான் இருந்தார். அங்கே மலைக்குப் போவதென்றால் பாத்திரம் பாத்திரமாகச் சோறும் குழம்பும் எடுத்துப் போய்ப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தீவு முழுக்க அதுதான் வேலை. அத்தை புளிசாதமும், 'பொம்போன் பிமான்' என்று அந்த ஊரில் சொல்கிற வடையும் கட்டிக்கொண்டார். பச்சை மிளகாய் போட்டுச் சின்னதாகத் தட்டிய பருப்பு வடைதான் அது. அந்தத் தீவின் சாப்பாட்டுப் பேச்சைக் கேட்டால் ஒவ்வொரு நிமிடமும் திடுக்கிடும். முருங்கையை முரோங் என்கிறார்கள். கறிவேப்பிலை அவர்கள் வாயில் கலூபிலே. ருகாய் என்று ஒரு தொடுகறி இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. அது நம் ஊறுகாய் என்ற சொல்லிலிருந்து வந்ததாம். 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களின் வாரிசுகளை அங்கே மல்பார் என்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. சமையல் சொற்கள் தங்கிவிட்டன, சாமியும் தங்கிவிட்டது. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் தீமிதி அங்கே இன்றும் நடக்கிறது. பாஞ்சாலியை 'பாந்தியாலே' என்று சொல்லித் தீ மிதிக்கிறார்கள்.

தாம்போனிலிருந்து எரிமலை விளிம்பு வரை கார் போகும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. முதலில் வீடுகளும் கடைகளுமாக ஒரே ஏற்றம். அந்த வழியில் இருக்கிற ஊர்களுக்குக் கிலோமீட்டர் எண்ணே பெயர். பதினான்காவது, பத்தொன்பதாவது, இருபத்து மூன்றாவது. "இருபத்து மூணாவதுல என் சிநேகிதி இருக்கா" என்று அத்தை சொன்னது எனக்கு முதலில் புரியவே இல்லை. வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த அப்பா, எதிரே லாரி வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்தார். அத்தான் சிரித்துக்கொண்டே, "மாமா, ரெண்டு பிரேக் தேவையில்ல" என்றார்.

இருபத்து ஏழாவது கிலோமீட்டரில் பூர்-முய்ரா என்ற ஊர். மேய்ச்சல் நிலம், மாடுகள், பசுந்தீவனத்துக்கு வேலி போட்ட வயல். ஊட்டிக்குப் பக்கத்தில் எங்கோ இருப்பது போலத்தான் இருந்தது. எரிமலையைக் கண்காணிக்கிற ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. 1977-ல் குழம்பு மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றுக்குள் இறங்கி, தேவாலயத்தின் வாசலில் வந்து நின்றது. அதற்குப் பிறகு அமைத்த ஆய்வகம் இது. மலையின் உடம்பு கொஞ்சம் உப்பினாலும் நடுங்கினாலும் அங்கே தெரிந்துவிடும். எச்சரிக்கை கொடுத்ததும் உள்ளே இறங்குகிற வழியை மூடிவிடுவார்கள். நாங்கள் போன சமயம் மலை அமைதியாக இருந்தது.

அங்கிருந்து தனிப்பாதை. மரங்கள் குள்ளமாகிக்கொண்டே வந்தன. பிறகு புதர். பிறகு புதரும் இடைவெளி விட்டு, ஒன்று இங்கே, ஒன்று அங்கே. சாலை ஓரத்திலேயே கொமெர்சோன் என்ற பழைய எரிமலை வாய் ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப்பிடித்துப் பார்க்க வேண்டும் என்று நான் முன்பே குறித்து வைத்திருந்தேன், குழிக்காக இல்லை, மழைக்காக. 2007 பிப்ரவரியில் ஒரு புயலின்போது அங்கே மூன்றே நாளில் 3,930 மில்லிமீட்டர் மழை பதிவானது. உலக சாதனை. எங்கள் ஊரில் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, வீட்டுக்குள் முட்டி அளவு தண்ணீரில் நின்றோம். அதைப் போலப் பல மடங்கு, விடாமல் மூன்று நாள். நினைத்துப் பார்க்கவே மூச்சு முட்டியது. அத்தனை தண்ணீரும் போன இடம் தெரியாமல் அந்த இடம் காய்ந்து கிடந்தது. எல்லாம் பொத்தல் பாறை, குடித்துவிடுகிறது.

அப்புறம் ஒரு வளைவு திரும்பியதும், அத்தான் ஒன்றும் சொல்லாமல் காரை ஓரம் கட்டினார்.

கீழே மணல் சமவெளி. பெயர்தான் மணல், எல்லாம் எரிமலை கக்கிய சாம்பலும் சரளையும். ஒரு செடி இல்லை, ஒரு கொடி இல்லை. கருப்பும் செங்கல் பொடி நிறமும் கலந்து, மைல் கணக்கில் பரந்து கிடக்கிறது. நடுவில் நூல் பிடித்தது போல ஒரு மண் பாதை. அதில் ஊர்ந்து போகிற ஒரு கார் எறும்பு அளவு தெரிந்தது. அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "சூளை அடி மாதிரி இருக்கு" என்றார். செங்கல் சூளையைப் பிரித்த பிறகு தரை எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அதைவிடப் பொருத்தமாக என்னால் சொல்ல முடியாது.

அந்த மண் பாதையில் பள்ளத்துக்குப் பள்ளம் இறங்கி ஏறி, மூன்றேகால் மணிக்கு விளிம்பை அடைந்தோம். 2,311 மீட்டர். காரை விட்டு இறங்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெள்ளை. கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் வெறும் மேகம்.

காலையில் ஏன் போகிறார்கள் என்றால் இதனால்தான். பகலில் வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, கடலோரத்து ஈரக் காற்று சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். பத்து மணிக்கெல்லாம் மலையை மேகம் மூடிவிடும். நண்பகலில் எங்கள் ஊருக்குள் கடற்காற்று வருகிறதே, அதே கணக்குதான். இங்கே அது இரண்டாயிரம் மீட்டருக்குச் சுவரேறி வருகிறது. பொழுது சாயும்போது சரிவு குளிர்ந்தால் காற்று திரும்பிக் கீழே இறங்கும், மேகமும் கூடவே இறங்கும். வகுப்பில் கடற்காற்று, நிலக்காற்று என்று அம்புக்குறி போட்டு நான் நடத்துகிற பாடம். அம்புக்குறியை நம்பி அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்தோம்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு காருக்குள்ளேயே புளிசாதம் சாப்பிட்டோம். அப்பா குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டார். அம்மா ஊரிலிருந்து கட்டாயப்படுத்திப் பெட்டியில் வைத்தது. அத்தை ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பக்கத்தில் நின்றிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. "போயிடலாமா?" என்று அத்தான் இரண்டு முறை கேட்டார். அப்பா சொன்னார்: "அக்கா சொல்லட்டும்." அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இறங்கிப் போய், அந்த இடத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். பா த பெல்கோம்ப்-ஜக்கோப். பெல்கோம்ப் என்ற பெயரைப் பார்த்ததும் சட்டென்று நின்றேன். எங்கள் ஊர் வரலாறு கொஞ்சம் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர் அது. 1778-ல் ஹெக்டர் மன்றோவின் ஆங்கிலப் படை புதுச்சேரியைச் சூழ்ந்து கொண்டபோது உள்ளே இருந்து இரண்டு மாதம் தாக்குப்பிடித்த ஆளுநர் பெல்கோம்ப்தான். அதற்கு முன்னால், 1767 முதல் 1773 வரை, பூர்போன் என்று பெயர் இருந்த இந்தத் தீவுக்கு அவர் ஆளுநர். எரிமலையைப் பார்க்க வந்தவர், இந்தச் செங்குத்துப் பாறையிலிருந்து உள்ளே இறங்க வழி தெரியாமல் இங்கே நின்றிருக்கிறார். வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் ஜக்கோப் என்ற அடிமை. வெகுகாலம் அந்த இடத்துக்கு ஆளுநர் பெயர் மட்டும்தான் இருந்தது. இப்போது ஜக்கோப்பின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்தது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வழி கண்டுபிடித்தவர் பெயர்தானே வழிக்கு இருக்க வேண்டும்?

காலடியில் கிடந்த சரளைக்கல் ஒன்றை எடுத்தேன். கை நிறைய இருந்தும் கனமே இல்லை. ரஸ்க் ரொட்டியைப் போலப் பொத்தல் பொத்தலாக இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு கல், இது கனம், கரிய நிறம். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தால் அதற்குள் பச்சை நிறத்தில் கண்ணாடித் துகள் மாதிரி மணி மணியாக மின்னியது. ஒலிவின். பூமிக்குள் ஆழத்தில் உருவாகிக் குழம்போடு மேலே வருகிற படிகம். பாடத்தில் பெயரை மட்டும் எழுதிப் போட்டிருக்கிறேன், அது இப்படிப் புளியங்கொட்டையைவிடச் சின்னதாக, பாசிப்பயறு நிறத்தில் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தேசியப் பூங்கா என்பதால் எடுத்து வரக் கூடாது. இருந்த இடத்திலேயே வைத்தேன்.

நாலே முக்கால் இருக்கும். அத்தை கார் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "வெளுக்குது பாரு" என்றார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் முதலில் கீழே ஒரு ஓட்டை விழுந்தது. அதற்குள் ஒரு செந்நிறம். ஓட்டை அகன்றது. பார்த்தால், நூற்றுக்கும் மேற்பட்ட மீட்டர் ஆழத்தில், கருப்புத் தரையின் மேல் சின்னதாக, வடிவாக ஒரு செங்குன்று, உச்சியில் குழியோடு. மேகம் விலக விலக அது மட்டும் தனியாக மேடையில் வைத்தது போல் தெரிந்தது. அதன் பெயரைக் கேட்டதும் அப்பாவும் அத்தையும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஃபோர்மிகா லேயோ. குழியானைக்கு இருக்கிற பழைய லத்தீன் பெயர். வீட்டுத் திண்ணை ஓரத்துப் புழுதியில் புனல் மாதிரிக் குழி பறித்து, அடியில் ஒளிந்துகொண்டு எறும்புக்குக் காத்திருக்குமே, அந்தப் பூச்சி. 1753 வெடிப்பில் உருவான இந்தக் குன்றைப் பார்த்து யாரோ ஒருவருக்கு அந்தக் குழிதான் நினைவு வந்திருக்கிறது. "முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில நீ ஒரு டப்பா நிறைய புடிச்சு வச்சிருந்தியே" என்றார் அத்தை. "அது நீ, நான் இல்ல" என்றார் அப்பா. இரண்டு பேரும் அறுபது வருடத்துக்கு முந்தின குழியானைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே மீதி மேகமும் கீழே இறங்கிவிட்டது. மலை முழுசாக எதிரில் நின்றது.

நான் வரைகிற மலை இல்லை அது. புனல் இல்லை, புகை இல்லை. எட்டுக் கிலோமீட்டர் அகலத்துக்குத் தரை அப்படியே உள்வாங்கி, சுற்றிலும் கோட்டைச் சுவர் போலப் பாறை. அந்த மதிலுக்குள்ளே, படுத்திருக்கிற யானை முதுகு மாதிரி மெல்ல எழும்பி நிற்கிறது மலை. உடம்பு முழுக்க வழிந்து உறைந்த குழம்பின் வரிகள். புதியது தார் போல மினுமினுப்பு, பழையது சாம்பல், அதற்கும் பழையது துரு நிறம். எது எதற்கு மேல் வழிந்தது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். உச்சியில் இருக்கிற வாய் இங்கிருந்து தெரியாது. 2007 ஏப்ரலில் பெரிய வெடிப்பு ஒன்றில் குழம்பெல்லாம் பக்கவாட்டில் வடிந்து கடலுக்குப் போய்விட, தாங்க ஆளில்லாமல் அந்த வாயின் தரை முந்நூறு மீட்டருக்கு மேல் பொலபொலவென்று உள்ளே இறங்கிவிட்டது. ஒரு கிலோமீட்டர் அகலக் குழி.

அப்பாவிடம் அங்கே வைத்துதான் சொன்னேன். இந்த அடுப்பு இந்தத் தீவுக்கு மட்டும் எரிந்த அடுப்பு இல்லை. பூமிக்கு அடியில் ஓர் இடத்தில் வெகு ஆழத்திலிருந்து சூடு ஏறி வந்துகொண்டே இருக்கிறது. மேலே இருக்கிற நிலத்தட்டுதான் நகர்கிறது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தச் சூட்டுக்கு மேலே இருந்தது இந்தியா. அப்போது பொங்கி வழிந்து உறைந்ததுதான் மகாராஷ்டிரா பக்கம் பரந்து கிடக்கிற தக்காண எரிமலைப் பாறை. அஜந்தா குகைகளைக் குடைந்திருக்கிறார்களே, அந்தப் பாறை. பிறகு இந்தியா வடக்கே போய்விட்டது. சூட்டின் தடம் லட்சத்தீவு, மாலத்தீவுக்கு அடியிலிருந்து தெற்கே இறங்கி, மொரீஷியஸை உண்டாக்கி, இப்போது இங்கே நிற்கிறது. புத்தகத்தில் இது ஒரு வரைபடம், ஓர் அம்புக்குறி, இரண்டு மதிப்பெண் கேள்வி. அங்கே நின்று சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

அப்பா கேட்டுவிட்டு, "அப்போ நம்மளும் இங்கேருந்துதான் போனமா?" என்றார்.

ஐந்தரை மணி நெருங்கியது. மிஞ்சியிருந்த இருபது முப்பது பேரும் வண்டி நிறுத்துகிற பக்கம் திரும்பி, மேற்கே பார்த்து நின்றார்கள். மணல் சமவெளியின் மேட்டுக்கு மேலே சூரியன் ஒரு விரல் உயரத்தில். எல்லோர் கையிலும் போன். அப்பாவும் நானும் அங்கே நகர்ந்தோம். அத்தை நகரவில்லை. கம்பியைப் பிடித்தபடி கிழக்கே மலையைப் பார்த்து நின்றார்.

"அத்தை, சூரியன் இந்தப் பக்கம்" என்றேன்.

"தெரியும்மா. உங்க மாமா சொல்லுவாரு, பொழுது அடையும்போது பொழுதைப் பாக்காத, அது யார் மேல அடையுதோ அதைப் பாருன்னு."

நாங்கள் திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றோம். நல்ல வேளை.

முதுகில் கடைசி வெயில் இதமாகப் பட்டது. எதிரே மலை நிறம் மாற ஆரம்பித்தது. பகல் முழுக்கக் கரியாக இருந்தது முதலில் காப்பித் தூள், பிறகு விளக்கிய செம்புக் குடம். உறைந்த குழம்பின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக எழுந்து நின்றது. நாங்கள் நின்ற மதிலின் நிழல் கீழே தரையில் நீள ஆரம்பித்தது. முதலில் குழியானையை விழுங்கியது. பிறகு தரையைக் கடந்து, மலையின் காலில் ஏறியது. கண்ணுக்கு முன்னால் ஏறுகிறது, அலை ஏறுகிற மாதிரி. நிழல் தொட்ட இடம் நீலக் கருப்பு, தொடாத இடம் செந்தணல். அந்தக் கோடு இடுப்பு, தோள் என்று ஏறி, கடைசியில் உச்சியில் மட்டும் ஒரு பட்டை வெளிச்சம் நின்றது. கற்பூரம் அணைவதற்கு முன்னால் ஒரு முறை நிமிருமே, அது போல இருந்து போனது. பின்னால் யாரோ கைதட்டினார்கள். சூரியன் போய்விட்டது.

கைதட்டினவர்கள் காருக்குப் போக ஆரம்பித்தார்கள். அத்தை அசையவில்லை.

மலைக்கு இடப்பக்கம், வானத்தின் அடியில், மேகக் கடலின் மேல் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழுந்தது. அதற்கு மேலே ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. நீலம் ஏற ஏற ரோஜா மேலே தள்ளப்பட்டு மெல்லியதாகிக்கொண்டு போனது. அது பூமியின் நிழல். சந்திர கிரகணத்தன்று நிலவின் மேல் விழுகிறதே, அதே நிழல். மற்ற நாட்களில் அது விழ ஓர் இடம் இல்லாமல் காற்றின் மேல் விழுகிறது. தெளிந்த மாலையில் சூரியன் போன பிறகு எதிர்த்திசையில் பத்து நிமிடம் தெரியும். நான் டார்ச்சும் பந்தும் வைத்துப் பிள்ளைகளுக்குக் கிரகணம் நடத்தியிருக்கிறேன். தினமும் மாலையில் இந்த நிழல் எழுகிறது என்று சொன்னதில்லை. பார்க்கச் சொன்னதும் இல்லை.

அதை அப்பாவுக்குச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"இது தினம் பாக்கறதுதானே" என்றார். "பீச்சுல உக்காந்தா எதிர்க்க தெரியுமே. கீழ நீலம், மேல ரோஸு. கடல் மேல. அதுக்கப்புறம்தான் லைட் ஹவுஸ் விளக்கு நல்லா தெரியும்."

அத்தை உடனே, "ஆமா, ஆமா" என்றார். "அப்பா நம்மள கூட்டிட்டுப் போவாரே. அந்த நீலம் மேல வந்துட்டா வீட்டுக்குக் கிளம்பணும்."

யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கடற்கரையில் சாயங்காலம் எப்படி உட்காருவோம்? கருங்கல் பாறைகளின் மேல், சுவரின் மேல், வரிசையாக, கடலைப் பார்த்துதான். பொழுது எங்களுக்குப் பின்னால், கட்டிடங்களுக்கு அந்தப் பக்கம், ஊருக்கு மேல் அடைகிறது. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எதிரே கிழக்கு மேகங்கள் சிவப்பதையும், கடல் ஊதாவாகி இருட்டுவதையும்தான் பார்த்துக்கொண்டிருப்போம். எங்களுக்கு அஸ்தமனமே இல்லை என்று அப்பா இத்தனை வருடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார், நானும் சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன். வெயிலுக்கு முதுகு காட்டி அது எதன் மேல் அடைகிறது என்று பார்க்கிற ஊர் எங்களுடையது. மாமாவும் அந்தக் கடற்கரையில் உட்கார்ந்து வளர்ந்தவர்தான். அவருக்கு இது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நம்ம ஊர் எந்தப் பக்கம்?" என்றார் அப்பா.

வடகிழக்கே காட்டினேன். நேர்க்கோட்டில் சுமார் 4,500 கிலோமீட்டர். அங்கே இந்தச் சூரியன் முக்கால் மணி நேரத்துக்கு முன்பே அடைந்திருக்கும். அக்காவும் தம்பியும் அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றார்கள். பக்கத்தில் ஒரு வயதான மல்பார் தம்பதி. அந்தப் பெரியவர் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போந்திஷேரி?" என்றார். அத்தை அவரோடு அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் பேசினார். அவர் குடும்பப் பெயர் முழுத் தமிழ்ப் பெயர், உச்சரிப்பு மட்டும் பிரெஞ்சு. முப்பாட்டனார் காரைக்காலில் கப்பல் ஏறினாராம். அத்தை வடைப் பொட்டலத்தை நீட்டினார். அவர் மனைவி ஒன்றை எடுத்துப் பிட்டு மோந்து பார்த்து, "கலூபிலே" என்றார். "கறிவேப்பிலை" என்றார் அப்பா. இரண்டு பேரும் மாற்றி மாற்றி அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டார்கள்.

இருட்டு அங்கே சீக்கிரம் விழுகிறது. மணல் சமவெளியை ஹெட்லைட் வெளிச்சத்தில் ஊர்ந்து கடந்து, மேட்டில் ஏறி நிறுத்தினோம். மேற்கே இன்னும் கொஞ்சம் செம்மை மிச்சம் இருந்தது. அதன் மேல் கருப்பாக வெட்டி ஒட்டியது போல பித்தோன் தே நேஜ், அதன் காலடியில் ஆடாமல் அசையாமல் மேகம். தென்மேற்கில் ஒரு நட்சத்திரம் பளிச்சென்று நின்றது. அகத்தியர். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் தெற்கு அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகத் தெரிகிறவர், இங்கே நல்ல உயரத்தில் இருந்தார். தென்கிழக்கில் தென்சிலுவை. அப்பாவால் தலையை நிமிர்த்தி வைத்திருக்க முடியவில்லை, காரின் மேல் சாய்ந்துகொண்டார். குளிர் எலும்பு வரை இறங்கியது. அத்தை ஒன்றும் பேசாமல் புடவை முந்தானையைக் காதைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டார். அப்பா தன் குல்லாவைக் கழற்றி, "பிடி அக்கா" என்று நீட்டினார். அவர் வேண்டாம் என்றார். அப்பா தானே மாட்டிவிட்டார்.

பூர்-முய்ராவுக்கு இறங்கியதும் போனில் சிக்னல் வந்தது, கூடவே அம்மாவின் அழைப்பும். எங்களுக்கு ஏழு மணி, அவருக்கு எட்டரை.

"பொழுது அடையறதைப் பாத்தீங்களா?" என்றார் அம்மா.

"இப்பதான் பாத்துட்டு இறங்கறோம்" என்றார் அப்பா.

"இங்க எப்பவோ அடைஞ்சாச்சு. சாப்பிட்டுப் பாத்திரமெல்லாம் கழுவியாச்சு. குல்லா போட்டிருக்கீங்களா?"

அப்பா பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். குல்லாவுக்குள் முகம் மட்டும் தெரிய, அத்தை ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"போட்டாச்சு" என்றார் அப்பா.